மரைக்குள் கட்டிய லயம்

நீலக்கல் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான மேட்டு லயத்தில் இடம் என்ற சொல்லை யாரும் சும்மா வாயில் எடுப்பதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரே அறையாக ஒரு காம்பரா, அதற்கு முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒடுங்கிய முன்கட்டு, இஸ்தோப்பின் மூலையில் ஓர் அடுப்பு, ஒரு குடும்பத்துக்கு அவ்வளவுதான். ஆறு வீடு கிழக்கே பார்க்க, ஆறு வீடு மேற்கே பார்க்க, முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இரட்டை லயம் அது என்பதால் எந்த வீட்டுக்கும் பின்கதவு கிடையாது, பின்சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் இருமிக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் இருக்கும். கட்டிய வெள்ளைக்காரன் எந்தக் காலத்திலோ கப்பலேறிப் போய்விட்டான். அவன் பிடித்த அளவு மட்டும் போகாமல் அங்கேயே தங்கிவிட்டது.

அந்த லயத்தில், வடிகாலுக்குக் கான் வெட்டுகிற சங்கிலியின் வீட்டில் ஒன்பது பேர். சங்கிலியும் அவன் மனைவி பெருமாயியும் காம்பராவின் ஒரு சுவரோரம், மூத்த மகனும் அவன் மனைவியும் மூன்று பிள்ளைகளும் மறுசுவரோரம், இளைய மகன் தேவராஜும் புதுசாகக் கட்டிக்கொண்டு வந்த தவமணியும் இஸ்தோப்பில் ஒரு பழைய சேலையைக் குறுக்கே கட்டி அதன் மறைவில். தவமணிக்குச் சிரிப்பு அதிகம், சிரித்தால் சத்தமாகச் சிரிப்பாள். வந்த முதல் வாரத்தில் ஒரு நாள் அப்படிச் சிரித்தபோது, என்ன சிரிப்பு என்று நாலு வீட்டிலிருந்து கேட்டார்கள், அன்றிலிருந்து வாயில் சேலைத் தலைப்பை வைத்து அடக்கிக்கொண்டு சிரிக்கப் பழகினாள், பிறகு அதுவும் குறைந்துபோனது.

ஒரு சாயங்காலம் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள் தேவராஜிடம் சொன்னாள்: "இங்க பாருங்க, எனக்கு மாடி வீடு வேணாம். சீல மாத்த ஒரு மூல, வாய் விட்டுச் சிரிக்க ஒரு எடம், அது போதும். தீவாளிக்குள்ள அது கெடைக்காட்டி நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். கோவத்துல சொல்லல, யோசிச்சித்தான் சொல்றேன்."

"பாப்போம்" என்றான் தேவராஜ். நல்ல பையன், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது; எதைக் கேட்டாலும் பார்ப்போம் என்பான், எதையும் நாளைக்குச் செய்யலாம் என்பான், அந்த ஒன்றைத் தவிர அவனிடம் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தீபாவளிக்கு முந்தின மழையில், காட்டோரம் தண்ணீர் வடியச் சங்கிலி வெட்டியிருந்த ஆழமான கானில் ஒரு மரை விழுந்து கழுத்து முறிந்து கிடந்தது. மரை என்பது வேறு ஊர்களில் கடமான் என்று சொல்வார்களே, அதுதான். மாட்டு உயரம், கிளைவிட்ட கொம்பு, கழுத்தில் ஈரமான பிடரி. சிறுத்தை துரத்தியிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். கானில் விழுந்தது லயத்துக்குச் சொந்தம், கண்டெடுத்தவன் வீட்டில் ஒரு ராத்திரி தொங்கவிட்டு இரத்தமும் நீரும் வடிந்த பிறகுதான் வீட்டுக்கு ஒரு பங்கு போட வேண்டும், ஈரக் கறியைப் பங்கு போட்டால் எடையில் சண்டை வரும் என்பது அங்கே பழைய ஏற்பாடு. வெளியே தொங்கவிட முடியாது, சிறுத்தை தன் சாமானைத் தேடி வரும். அதைவிட மோசம், வனவிலங்குக்காரர்கள் வருவார்கள், மரை இறைச்சி கையில் இருந்தால் பிணை கிடைப்பதே கஷ்டம்.

ஆகவே ஒன்பது பேர் படுக்கிற காம்பராவுக்குள் மரை வந்தது. முதலில் டிரங்குப் பெட்டியை வெளியே எடுத்தார்கள், பிறகு அரிசி மூட்டையை, பிறகு பாய்களை, பிறகு பிள்ளைகளை. சாமி படத்தை எடுக்கலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் பேச்சு நடந்து, அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். பின்னங்கால்களைச் சேர்த்துக் கட்டி விட்டத்தில் இழுத்தபோது வீடே ஒரு முறை முனகியது. கொம்பு தரையைத் தொட்டது. குடலையும் ஈரலையும் எடுத்து முடித்து நிமிர்ந்து பார்த்தால் மரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையத்தான் வழி இருந்தது, மூத்த மருமகள் அதற்குள்ளேயே கொம்பில் துவாலையைக் காயப்போட்டுவிட்டாள்.

பெருமாயி உப்பும் மஞ்சளும் குழைத்து மரையின் வயிற்றுக்குள் தடவப் போனாள். கை முழங்கை வரை போனது, தோள் வரை போனது, எதிர்ப்பக்கத்து விலா எலும்பு தட்டுப்படவே இல்லை. தலையை விட்டுப் பார்த்தாள், பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குப்பி லாம்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கொம்பில் கால் வைத்து ஏறி உள்ளே போய்விட்டாள். உலை கொதித்து அடங்கும் நேரம் கழித்து இறங்கி வந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"உள்ள நெறைய எடம் கெடக்கு" என்றாள்.

சங்கிலி கேட்டது ஒரே கேள்விதான். "ஒழுகுதா?"

"ஒழுகல. நல்லாக் காஞ்ச எடம். தூரத்துல மானாப்புல்லு தெரியுது."

அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. செத்த மரைக்குள் இடம் எப்படி வந்தது என்று கேட்கிறவர்கள் ஒரு மழைக்காலம் முழுக்க ஒன்பது பேரோடு ஒரு காம்பராவில் படுத்துப் பார்க்க வேண்டும்; அதற்குப் பிறகு அவர்களும் ஒழுகுதா என்றுதான் கேட்பார்கள். வெளியே நனைந்துகொண்டிருந்த டிரங்குப் பெட்டி உள்ளே போனது, அரிசி மூட்டை போனது, விறகு போனது, பிள்ளைகள் புத்தகத்தோடு போனார்கள். தேவராஜ் பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு தவமணியைப் பார்த்தான், அவள் முன்னால் நடந்தாள், கொஞ்ச நேரத்தில் மரையின் வயிற்றுக்குள் எங்கோ தூரத்திலிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது, சேலைத் தலைப்பு வைக்காத சிரிப்பு. பெருமாயி அடுப்பை ஊதிக்கொண்டே அதைக் கேட்டாள். சந்தோஷமாக இருந்தது அவளுக்கு.

விடிந்ததும் பங்குக்காக லயமே பாத்திரத்தோடு வந்து நின்றது. பின்சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரரான அந்தோணிதான் தோட்டத் தலைவர், எந்த வழக்கையும் அவர்தான் தீர்ப்பார். சங்கிலி அவரை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினான், வெட்டினால் இடம் போய்விடும் என்று சொன்னான். தலைவர் உள்ளே கொஞ்ச தூரம் நடந்தார், கையை இரண்டு பக்கமும் நீட்டிப் பார்த்தார், எதுவும் இடிக்கவில்லை, அப்படியே நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார்.

"சங்கிலி அண்ணே" என்றார் வெளியே வந்து, "பங்கு பங்குதான். கறியாக் குடுக்க முடியாட்டி எடமாக் குடுங்க."

நியாயமான பேச்சு, சங்கிலி மறுக்கவில்லை. பாத்திரங்களை வைத்துவிட்டு எல்லோரும் உள்ளே போனார்கள், அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் பொய் என்பீர்கள்: ஒருத்தி தன் ஆட்டைக் கட்டினாள், ஒருத்தி மிளகாய் காயப்போட்டாள், நிறைமாதக்காரி ஒருத்தி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முதல்முறையாகக் காலை முழுதாக நீட்டிப் படுத்தாள், பேசாமல் இருந்த இரண்டு சகோதரர்கள் ஒருவரையொருவர் பார்க்க வேண்டிய அவசியமில்லாத தூரத்தில் உட்கார்ந்து, அந்தத் தூரத்தினாலேயே சமாதானமாகி, பீடிக்கு நெருப்புக் கேட்டுக்கொண்டார்கள். சில பெண்கள் அழுவதற்கென்றே உள்ளே போனார்கள். லயத்தில் அழுதால் பக்கத்து வீட்டுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும், அங்கே யாரும் கேட்கவில்லை. அழுது முடித்து, முகத்தைத் துடைத்து, கொம்பில் கால் வைத்து இறங்கி வேலைக்குப் போனார்கள். மரையின் தோல் காயவுமில்லை, நாறவுமில்லை.

தவமணி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தள்ளிப் போனாள். கடைசியில் மானாப்புல் தொடங்குகிற இடத்துக்கே போய்விட்டாள். அங்கே விடிவதற்கு முந்தின வெளிச்சம் எப்போதும் இருந்தது, புல் இடுப்புவரை நின்றது, காற்று வந்தது. சேலையைத் துவைத்துப் புல்லின்மேல் விரித்தாள். சாயங்காலம் தேவராஜ் வேலை முடிந்து நேராக அங்கே போவான், இருவரும் முதுகு நனையப் புல்லில் படுத்துக்கொண்டு சத்தமாகப் பேசுவார்கள். தீபாவளி வந்தது, போனது, அவள் அம்மா வீட்டுப் பேச்சை எடுக்கவில்லை.

ஆடு மிளகாயைத் தின்றபோதுதான் கெட்ட காலம் ஆரம்பித்தது. யாருடைய ஆடு யாருடைய இடத்தில் தின்றது என்று கேள்வி வந்தது, யாருடைய இடம் எது என்று அடுத்த கேள்வி வந்தது, ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. முடிவே தெரியாத அந்த வெளியில் நின்றுகொண்டு அவர்கள் இடத்துக்காகச் சண்டை போட்டார்கள். தலைவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு கயிற்றோடு வந்தார்.

எத்தனை அடி என்று யாரும் கேட்கவில்லை, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அம்பதடி என்று ஒருவன் சொல்லியிருக்கலாம், மலையளவு என்று ஒருத்தி சொல்லியிருக்கலாம், தடுக்க அங்கே துரை இல்லை, கங்காணி இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று கயிற்றில் முடிச்சுப் போட்டார்கள், போட்டதும் எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி வந்தது. ஆறு வீடு இப்படிப் பார்க்க, ஆறு வீடு அப்படிப் பார்க்க, முதுகோடு முதுகாக. தகரமும் பலகையும் தேயிலைச் சாக்கும் கொண்டுவந்து சுவர் எழுப்பினார்கள், முன்னால் இஸ்தோப்பு இறக்கினார்கள், தண்ணீரே இல்லாத இடத்தில், குடம் வைத்துத் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு ஒரு மேடை கட்டினார்கள், மழையே பெய்யாத இடத்தில் சங்கிலி ஒரு கான் வெட்டினான்.

தவமணி புல்லிலிருந்து எழுந்து வந்து பார்த்தாள். "என்னாத்துக்கு மாமா அளக்குறீங்க? இதுதான் முடியவே இல்லியே."

"அளக்காத எடம் யாருக்கும் சொந்தமில்ல தாயி" என்றான் சங்கிலி அன்பாகத்தான். "ஒனக்குத்தான் கடைசி வீட்ட வச்சிருக்கேன். தனி வீடு. நீயும் அவனும் மட்டும்."

பன்னிரண்டுக்கும் மேலே சேர்த்த அந்தக் கடைசி வீடு மட்டும் ஒற்றை வீடு, அதன் பின்பக்கம் வேறு குடும்பம் இல்லை, மானாப்புல்தான் இருந்தது. அவள் அதைச் சுற்றி நடந்து பார்த்தாள். பிறகு, சுவர் அடித்துக்கொண்டிருந்த தேவராஜின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சரி, கட்டுங்க. பின்சுவத்துல மட்டும் ஒரு கதவு வச்சிருங்க. நான் புல்லுப் பக்கம் போய்வர."

"பாப்போம்" என்றான்.

"பாப்போம் இல்ல. வச்சிருங்க. காயப்போட்ட சீலைய எடுத்துட்டு வாரேன்." புல்லுக்குள் இறங்கினாள், போகும்போது எதற்கோ சிரித்தாள்.

தேவராஜ் பின்சுவருக்கான கடைசித் தகரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கதவு வைக்க வேண்டும் என்று தலைவரிடம் சொன்னான்.

"லயத்துக்குப் பின்கதவா?" தலைவர் சிரித்துவிட்டார். "டேய், எந்த லயத்துலடா பின்கதவு பாத்த?"

சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள், சங்கிலியும் சிரித்தான், யார் மனதிலும் கெட்ட எண்ணம் இல்லை. பொண்டாட்டி சொன்னதைக் கேட்டுப் பின்கதவு வைக்கிறான் என்று ஒருவன் சொன்னபோது தேவராஜின் காது சிவந்தது. நாளைக்கு வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தான். தகரத்தைப் பிடித்து ஆணி அடித்தான்.

கடைசி ஆணி இறங்கியதும் உள்ளே காற்று நின்றது. விடிவதற்கு முந்தின அந்த வெளிச்சம் அணைந்து, இருந்த சுவர்கள் மெல்ல ஒன்றையொன்று பார்த்து நகர ஆரம்பித்தன, யாரும் கத்தவில்லை, நெருக்கத்தில் எப்படி நகர்வது என்று அவர்களுக்குப் பிறவியிலேயே தெரியும்; பிள்ளைகளை முதலில் கொடுத்தார்கள், நிறைமாதக்காரியைப் பிடித்து இறக்கினார்கள், ஆட்டை இழுத்தார்கள், டிரங்குப் பெட்டியும் தகரமும் சாக்கும் அவர்களுக்குப் பின்னால் காம்பராவுக்குள் வந்து விழுந்தன. தேவராஜை நாலு பேர் சேர்ந்து இழுத்து எடுத்தார்கள். அவன் கையில் சுத்தியல் இருந்தது.

திரும்பிப் பார்த்தபோது விட்டத்தில் ஒரு மரை தொங்கியது. வயிற்றுக்குள் கைவிட்டால் முழங்கைக்கு முன்பே விலா எலும்பு தட்டுப்பட்டது, அதில் பெருமாயி தடவிய மஞ்சள் ஒட்டியிருந்தது.

தவமணி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும், அவள் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள்.

தேவராஜ் அந்த வயிற்றுக்குள் முகத்தை வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான், வேலைக்குப் போகாமல் கூப்பிட்டான், தொண்டை கட்டிப்போன பிறகும் கூப்பிட்டான். முதலில் புல் அசைகிற சத்தம் கேட்கிறது என்றான், மற்றவர்களும் காதை வைத்துப் பார்த்து ஆமாம் என்றார்கள். பிறகு அதுவும் கேட்கவில்லை, மரை நாற ஆரம்பித்தது. புதைத்துவிடலாம் என்றால் இன்னும் ஒரு நாள் அப்பா என்பான், சங்கிலி சரி என்பான்; மறுநாளும் அதையே சொல்வான், சங்கிலி மறுநாளும் சரி என்பான். நாற்றம் தேயிலை மலை தாண்டிப் போய் வனவிலங்குக்காரர்களைக் கூட்டிவரும் என்று பயந்தபோதும் தலைவர் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் பெருமாயிதான் எழுந்து கயிற்றை அறுத்தாள். கானுக்குப் பக்கத்திலேயே ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தார்கள், வீட்டுக்கு ஒரு கைப்பிடி மண் போட்டார்கள், அந்த மரையில் அதுதான் அவரவர் பங்கு.

சேதி கேட்டுத் தவமணியின் அம்மா கீழ்த் தோட்டத்திலிருந்து மலையேறி வந்தாள். இஸ்தோப்பில் கட்டியிருந்த சேலையைத் தொட்டுப் பார்த்தாள், காம்பராவை எட்டிப் பார்த்தாள், பெருமாயி கொடுத்த தேத்தண்ணியைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"நல்ல எடமா?" என்று கேட்டாள்.

"நல்ல எடம் மதினி. ஒழுகாது. காத்து வரும்."

"சத்தமாச் சிரிப்பாளே, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?"

"மாட்டாங்க."

அந்த அம்மா தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். "திரும்பி வரணும்னு நெனச்சா வர்றதுக்குக் கதவு இருக்கா?"

சங்கிலி தரையைப் பார்த்தான். சுவருக்கு அந்தப் பக்கம் இருமிக்கொண்டிருந்த தலைவரும் இருமலை நிறுத்திவிட்டார். 

அவள் படியிறங்கிப் போன பிறகு தேவராஜ் கடப்பாரையை எடுத்தான். பார்ப்போம் என்றோ நாளைக்கு என்றோ அவன் சொல்லவில்லை, காம்பராவின் பின்சுவரை இடிக்க ஆரம்பித்தான். தோட்டத்துச் சுவர், இடித்தால் வேலை போகும். கல் பெயர்ந்து வெளிச்சம் தெரிந்தபோது அந்தப் பக்கம் தலைவர் தன் கட்டிலை, சுவரோரம் அவ்வளவு காலம் கிடந்த கட்டிலை, இழுத்து நகர்த்திக்கொண்டிருந்தார். நகர்த்தி முடித்ததும் அவரும் ஒரு இரும்பு அலவாங்கோடு வந்து தன் பக்கத்திலிருந்து இடித்தார். மரையிலிருந்து வந்து விழுந்த அந்தத் தகரத்தையே கதவாக்கி மாட்டினார்கள், தாழ்ப்பாள் வைக்கவில்லை.

நீலக்கல் தோட்டத்து மேட்டு லயத்தில் சங்கிலியின் வீட்டுக்கு மட்டும் இன்றைக்கும் பின்கதவு உண்டு. திறந்தால் தலைவர் அந்தோணியின் காம்பரா, அதைத் தாண்டினால் அவர் இஸ்தோப்பு, அதற்கப்பால் மலைச்சரிவில் மானாப்புல்; அந்த வழியில் யாரும் பாய் விரிப்பதில்லை, பெட்டி வைப்பதில்லை, இரண்டு குடும்பமும் இன்னும் கொஞ்சம் நெருங்கிப் படுத்துக்கொள்கின்றன. தேவராஜ் இஸ்தோப்பில் சேலை மறைவில் ஒற்றைப் பாயில் படுக்கிறான். எப்போதாவது தகரக் கதவு தானாக ஆடும். காற்று என்று அங்கே யாரும் சொல்வதில்லை. பெருமாயி தூக்கத்திலேயே காலை மடக்கி வழி விடுகிறாள்.